படகுக்கு ஒரு தொட்டில்: மொரீசியஸ் காற்றைத் தாங்கும்படி கட்டுவது எப்படி

கிராண்ட் கோப் கடற்கரையில் பிலாவோ, அதாவது நம் சவுக்கு, மரநிழலில் பிரோக் எனும் மீன்பிடிப் படகுகளை இழுத்துப் போட்டிருப்பார்கள். தட்டையான அடி, இரண்டு கட்டைமேல் ஏற்றினால் அதுபாட்டுக்கு நிற்கும். கீல் வைத்த பாய்மரப் படகு அப்படியில்லை. நம் மீனவர் பேச்சில் ஏரா என்கிறோமே, அந்த அடிமரம் இதில் கனமான ஈயமோ இரும்போ ஆகி ஒரு மீட்டர் கீழே தொங்குகிறது. கரைக்கு வந்துவிட்டால் படகு ஒற்றைக்கால் கொக்குதான். கொக்குக்காவது தூக்கம் வந்தால் காலை மாற்றிக்கொள்ளத் தெரியும்.

கரையில் படகைச் சாயாமல் தாங்கி நிற்கும் சட்டம்தான் தொட்டில். இங்கே படகுப் பட்டறைகளில் அதை பிரெஞ்சுச் சொல்லால் 'பெர்' என்பார்கள். முதல் தடவை ஒரு கிரேன்காரர் "பெர் இருக்கா?" என்று க்ரியோலில் கேட்டபோது நான் என் பெயரைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

அந்த வருடம் என்னிடம் பெர் இல்லை. இரவல் வாங்கிய நான்கு இரும்பு முட்டுகளை வெறும் மண்ணில் வைத்துப் படகை நிறுத்தினேன். பிப்ரவரி மழையில் ஒரு முட்டு நான்கு விரல் அளவு இறங்கிவிட்டது. அந்தப் பக்கத்துச் சுமை எதிர்முட்டுக்குப் போனது. அந்த முட்டோ உள்ளே தடுப்புச்சுவர் எதுவும் இல்லாத வெற்றுத் தோலில், அதாவது படகின் வெளிச்சுவரில், அழுத்திக்கொண்டிருந்தது. பைபர் கிளாஸ் உள்வாங்கி, மேல்பூச்சு சிலந்திவலை மாதிரி வெடித்தது. சரிசெய்ய ஆன செலவில் இரண்டு தொட்டில் கட்டியிருக்கலாம். அப்புறம்தான் உட்கார்ந்து யோசித்தேன்.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் என் படகை ஒட்டியவை: 7 மீட்டர் நீளம், 2.5 மீட்டர் அகலம், நீரில் மூழ்கும் ஆழம் 1.1 மீட்டர், எடை 1,500 கிலோ. உங்கள் படகு பெரிதானால் மரமும் போல்ட்டும் தடிக்க வேண்டும். 3 டன்னுக்கு மேல் என்றால் இந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு கட்டாதீர்கள். ஒரு பொறியாளரிடம் காட்டுங்கள்.

எடை எங்கே உட்கார வேண்டும்

இதை முதலில் மனதில் ஏற்றிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. படகின் எடை முழுக்க, கிட்டத்தட்ட முழுக்க, கீல்மேல்தான் உட்கார வேண்டும். தொட்டில் கால்களின் தலையில் படகைத் தொட்டு நிற்கும் பக்கவாட்டு மெத்தைகள் படகு சாயாமல் பிடித்துக்கொள்ள மட்டுமே. கோவில் தேருக்கு இருபுறமும் ஆட்கள் கட்டையோடு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேரின் எடையைச் சுமப்பது சக்கரம்தான், அவர்கள் இல்லை.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கீலைத் தாங்கும் இடம் கட்டுமானத்திலேயே பலமாகச் செய்யப்பட்டது. பக்கத் தோல் அப்படியில்லை. தண்ணீர் படகை எல்லாப் பக்கமும் ஒரே சீராகத் தாங்குகிறது; ஒரு கையகல மெத்தை அதைச் செய்ய முடியாது.

ஆகவே மெத்தைகள் தொடும் இடங்களை நன்றாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். உள்ளே குறுக்குத் தடுப்புச்சுவர் எங்கே இருக்கிறதோ அங்கேதான் வெளியே மெத்தை. அறைக்குள் இறங்கி, பாய்மரம் நிற்கும் இடத்திலிருந்து ஒவ்வொரு தடுப்புக்கும் தூரத்தை அளந்து, அதையே வெளியே கொண்டுவந்து சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். பிறகு விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். தடுப்பு இருக்கும் இடத்தில் சத்தம் 'டக்' என்று அடங்கும். இல்லாத இடத்தில் 'டொம்' என்று பானைபோல ஒலிக்கும். தேங்காய் பார்த்து வாங்கத் தெரிந்தவருக்கு இது கஷ்டமில்லை.

நீளக் கீல் வைத்த பழைய படகுகளுக்கு வேலை சுலபம்; இரட்டைக் கீல் படகு தானே நிற்கும். கீலே இல்லாமல் நடுப்பலகையை ஏற்றி இறக்கும் சிறு படகுகளுக்கு வளைவுக்கு ஏற்ற இரண்டு குறுக்கு வங்குகள், அதாவது வளைந்த தாங்குபலகைகள், வெட்டி, கார்ப்பெட் சுற்றி வைத்தால் போதும். மீதிக் கட்டுரை கீல் படகுக்கு.

காற்றின் கணக்கு

ஐரோப்பியர்கள் எழுதிய வழிகாட்டிகளைப் பார்த்தால் பனிக்காலத்தைப் பற்றியே பேசுவார்கள். நமக்குக் கவலை நவம்பரிலிருந்து மே நடுப்பகுதிவரை. நான்காம் வகுப்புப் புயல் எச்சரிக்கை என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் வேக வீச்சு பதிவாகிவிட்டது, இன்னும் தொடரும் என்று பொருள். அது தொடக்கம்தான். 1960இல் கரோல், 1975இல் ஜெர்வேஸ், 1994இல் ஹொலாண்டா, மூன்றுமே இந்தத் தீவில் 200ஐத் தாண்டி வீசின.

காற்றின் வேகத்தை நொடிக்கு மீட்டராக மாற்றி, அதை அதாலேயே பெருக்கி, 0.613ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர்மேல் விழும் அழுத்தம் நியூட்டனில் வரும். கிலோ வேண்டுமென்றால் ஏறக்குறைய பத்தால் வகுக்கலாம். 120 கிலோமீட்டர் வேகத்தில் சதுர மீட்டருக்குச் சுமார் 69 கிலோ; 200இல் சுமார் 193 கிலோ. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, அழுத்தம் மூன்று மடங்கை நெருங்கிவிட்டது.

என் படகைப் பக்கவாட்டில் பார்த்தால், அறையையும் சேர்த்து, காற்றுக்குக் காட்டும் பரப்பு ஏறத்தாழ 8 சதுர மீட்டர். தொட்டிலில் ஏறிய பிறகு அந்தப் பரப்பின் நடு, தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 120 வேகத்தில் தள்ளு விசை சுமார் 550 கிலோ, அதை 1.6ஆல் பெருக்கினால் கவிழ்க்கப் பார்க்கும் முறுக்கு 880. எதிர்த்து நிற்பது படகு, தொட்டில் இரண்டின் எடை 1,750 கிலோ. தொட்டிலின் அகலம் 2.2 மீட்டர் என்பதால் பாதியகலம் 1.1. பெருக்கினால் 1,925. கவலையில்லை.

இப்போது 200. தள்ளு விசை 1,540 கிலோவுக்கு மேல். முறுக்கு சுமார் 2,470. நம்மிடம் இருப்பது அதே 1,925. படகு தொட்டிலோடு சேர்ந்து கவிழும்.

பாய்மரம் நின்றுகொண்டிருந்தால் இன்னும் மோசம். 9 மீட்டர் மரமும் அதன் கம்பிகளும் சேர்த்து ஒரு சதுர மீட்டர் சொச்சம்தான் பரப்பு. ஆனால் அதன் நடு தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில். 200 வேகக் காற்றில் அது மட்டுமே 1,400க்கு மேல் முறுக்கைச் சேர்க்கும். பாய்மரத்தை இறக்க அரைநாள் ஆகும் என்று சலித்துக்கொள்பவர்களுக்கு நான் இந்தக் கணக்கைத்தான் காட்டுவது. நவம்பர் பிறந்ததும் மரம் கீழே. அதில் பேச்சுக்கே இடமில்லை.

மரமா, இரும்பா

இரும்பில் கட்டினால் அழகாக இருக்கும், திருகி உயர்த்தும் முட்டுகளும் வைக்கலாம். ஆனால் உப்புக்காற்றில் பற்றவைத்த மூட்டுகள் உள்ளிருந்து துருப்பிடிக்கும். சூடான துத்தநாக முலாம் போடாவிட்டால் மூன்று நாலு வருடத்தில் பயம் வரும். மரம் என்றால் ரம்பமும் துளைக்கருவியும் போதும், கெட்டுப்போன துண்டை மட்டும் மாற்றலாம். நான் மரத்தின் கட்சி. 1735இல் ஆளுநராக வந்த லபோர்தொனே போர்ட் லூயியை எழுப்பியபோது புதுச்சேரியிலிருந்து தச்சர்களையும் கொத்தர்களையும் வரவழைத்தார். அந்த வழி வந்த ஊரில் மரவேலைக்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எந்த மரம்? கையெட்டும் தூரத்தில் நிற்கிறது என்பதற்காகப் பிலாவோவை எடுக்காதீர்கள். காயும்போது முறுக்கிக்கொண்டு பிளக்கும். கறையானுக்கு எதிராக மருந்தேற்றிய இறக்குமதிப் பைன் ஹார்டுவேர் கடைகளில் கிடைக்கும், அதுவே போதும். அதை அறுக்கும்போது மூக்கை மூடிக்கொள்ளுங்கள், மிச்சத் துண்டுகளை அடுப்பில் எரிக்காதீர்கள், மருந்து விஷம். அறுத்த முனைகளில் மருந்து இருக்காது, அதனால் மரக்காப்பு எண்ணெயை இரண்டு மூன்று பூச்சு பூசுங்கள். மருந்தேற்றிய மரம் சாதாரண போல்ட்டை அரித்துவிடும். துத்தநாக முலாமிட்டதையோ எவர்சில்வரையோ வாங்குங்கள்.

வாங்க வேண்டியவை: 100க்கு 150 மில்லிமீட்டர் சட்டத்தில் 2.2 மீட்டர் நீளக் குறுக்குச் சட்டம் நான்கு, அதே தடிமனில் 3.2 மீட்டர் நெடுஞ்சட்டம் இரண்டு. கால்களுக்கு 100க்கு 100இல் 1.2 மீட்டர் துண்டு நான்கு. சாய்வு முட்டுகளுக்கு 50க்கு 100இல் சுமார் 10 மீட்டர். கீல் உட்கார 300 மில்லிமீட்டர் அகலமும் 50 தடிமனும் உள்ள பலகை ஒன்று. பெரிய மூட்டுகளுக்கு 16 மில்லிமீட்டர் போல்ட்டு, முட்டுகளுக்கு 12. எல்லாவற்றுக்கும் இருபுறமும் அகல வாஷர். ஆணியை நம்பிக் கட்டாதீர்கள். ஆணி வேலைக்கு நடுவில் பிடித்துக்கொள்ள மட்டும்.

வடிவத்தை எடுப்பது

பல பேர் தவறுவது இங்கேதான். படகு தண்ணீரில் இருக்கும்போது அடிவளைவைக் கண்ணால் பார்த்து மெத்தையின் கோணத்தை ஊகிக்க முடியாது. கிரேனில் தொங்கும்போதோ டிரெய்லரில் இருக்கும்போதோ அளக்க வேண்டும். இங்கே ஏற்ற இறக்கம் அரை மீட்டர் அளவுதான் என்பதால், வேறு நாடுகளில் செய்வதுபோல நீர் வற்றும் நேரத்தில் படகைத் தரைதட்டவிட்டு அளக்கும் வசதியும் நமக்கு இல்லை. டிரெய்லர் இரவல் கிடைத்தால் அதுதான் சிறந்த வழி, அவசரம் இருக்காது.

முதலில் படகை மட்டப்படுத்துங்கள். நீர்க்கோடு வரைந்த பெயிண்ட் விளிம்பை வைத்துக்கொண்டு கொத்தனார்கள் வைத்திருக்கும் டியூப் லெவலால் அணியத்திலும் (முன்பக்கம்) அமரத்திலும் (பின்பக்கம்) இருபக்கமும் சரிபாருங்கள். பிறகு சுண்ணக்கட்டிக் கோடு போட்ட இடத்துக்கு நேராக ஒரு பிளைவுட் துண்டைச் செங்குத்தாக நிறுத்துங்கள். படகைத் தொட வேண்டியதில்லை, கையளவு இடைவெளி இருக்கட்டும். ஒரு முனை கூராகச் சீவிய குச்சியை எடுத்து, கூர்முனை படகைத் தொடும்படி வைத்து, குச்சியின் ஓரத்தை பிளைவுட்டில் பென்சிலால் வரையுங்கள். குச்சியில் ஒரு கீறல் போட்டு வைத்து, அந்தக் கீறல் விழும் இடத்தையும் குறியுங்கள். இப்படிப் பத்துப் பன்னிரண்டு இடம். பட்டறைக்கு வந்து வேறொரு பலகையை அதன் பக்கத்தில் வைத்து, அதே குச்சியை அதே கோடுகளில் திரும்ப வைத்தால், கூர்முனைகள் எல்லாம் படகின் வளைவைப் புள்ளி புள்ளியாகக் காட்டிவிடும். எங்கள் ஊரில் பிரோக் கட்டும் பெரியவர் ஒருவர் எனக்குக் காட்டித்தந்த வித்தை இது. கணிப்பொறி வைத்துச் செய்பவர்களைப் பார்த்து அவர் தலையாட்டுவாரே தவிர ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஒவ்வொரு கோட்டிலும் தூக்குக்குண்டு விட்டு, கீலின் நடுவிலிருந்து மெத்தைப் புள்ளிவரை அகலத்தையும், கீலின் அடியிலிருந்து உயரத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கீலின் அடி நீளமும், அது அணியம் பக்கம் தொடங்கும் இடமும் அவசியம். இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்துகொள்ளுங்கள். பழைய படகுகள் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதில்லை; என்னுடையதில் 15 மில்லிமீட்டர் வித்தியாசம்.

கட்டுவது

நெடுஞ்சட்டம் இரண்டையும் வெளிவிளிம்புக்கு வெளிவிளிம்பு 2.2 மீட்டர் வரும்படி இணையாகப் போட்டு, குறுக்குச் சட்டங்களை அவற்றின்மேல் அமர்த்துங்கள். நான்கில் இரண்டு கீலின் முன்முனைக்கும் பின்முனைக்கும் நேர் கீழே வர வேண்டும். மற்ற இரண்டும் மெத்தைக் கால்கள் நிற்கும் இடத்தில். எல்லாச் சந்திப்பிலும் ஒரு 16 மில்லிமீட்டர் போல்ட்டு. இறுக்கும் முன் மூலைக்கு மூலை நாடா வைத்து அளந்து பாருங்கள். இரண்டு மூலைவிட்டமும் சமமாக இருந்தால்தான் சதுரம் சரி. கீல் பலகையை நடுவில் போட்டு, இருபுறமும் கைப்பிடி உயரத்துக்கு ஓரக்கட்டை அடியுங்கள். கீல் வழுகி இறங்காமல் இருக்க அதுவே வேலி.

கால்களை நேராக நிறுத்தாதீர்கள். படகு மெத்தையைத் தள்ளும் திசை வெளிப்பக்கமும் கீழ்ப்பக்கமும் கலந்தது. ஆகவே காலின் அடி வெளியே, தலை உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். அடியை நடுவிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தேன். தலை 80 சென்டிமீட்டரில் வந்தது. காலின் மேல் மூன்றில் ஒரு பங்கிலிருந்து கீலுக்கு அருகே குறுக்குச் சட்டம்வரை ஒரு சாய்வு முட்டு, இருபுறமும் ஒட்டிய ஜோடியாக. அப்புறம் முன்கால், பின்கால் இரண்டையும் இணைத்து நீளவாக்கில் பெருக்கல் குறி மாதிரி முட்டு. முக்கோணம் இல்லாத மூட்டு எதுவும் இருக்கக்கூடாது. கட்டி முடித்ததும் காலின் தலையைப் பிடித்து உங்கள் முழு எடையோடு உலுக்குங்கள். ஆட்டம் தெரிந்தால் இன்னொரு முட்டு.

மெத்தை: 300க்கு 300 மில்லிமீட்டரில் 18 மில்லிமீட்டர் கடல் பிளைவுட் இரண்டை ஒட்டி, எடுத்த வடிவத்துக்குச் சீவி, மேலே கெட்டியான ரப்பர், அதன்மேல் பழைய கார்ப்பெட். கார்ப்பெட் மழைநீரைக் குடித்துவைத்துக்கொண்டு மாதக்கணக்கில் படகின் தோலை ஈரமாக்கும், அடிப்பெயிண்டும் ஒட்டிக்கொள்ளும். தடித்த பிளாஸ்டிக் தாளை மேலே சுற்றிவிட்டால் இரண்டும் தீரும். காலுக்கும் மெத்தைக்கும் நடுவே எதிரெதிராக ஓட்டும் ஜோடி ஆப்பு வையுங்கள். ஓர் ஆப்பு மட்டும் என்றால் மெத்தை சாயும். ஜோடி என்றால் இணையாக ஏறும்.

தரை

வெறும் மண்ணில் வைக்காதீர்கள். என் கதையை மேலே படித்தீர்கள். கருங்கல் பாறை தெரியும் இடமானால் நல்லது. இல்லாவிட்டால் தொட்டிலின் நெடுஞ்சட்டங்களுக்குக் கீழே 40 சென்டிமீட்டர் அகலத்தில் இரண்டு கான்கிரீட் பட்டை போடுங்கள். நீர் ஓடி வெளியேற வழி வேண்டும். தென்னையின் கீழும் பிலாவோவின் கீழும் இடம் தேடாதீர்கள். ஒன்று காய் போடும், மற்றது ஊசி இலையைக் கொட்டி நீர்த்துளைகளை அடைக்கும்.

அணியத்தைத் தென்கிழக்குக்குத் திருப்பி வைத்தால் வருடம் முழுதும் வீசும் வாடிக்கைக் காற்றுக்கு நல்லது. புயலுக்கு அது செல்லாது. கண் கடந்ததும் காற்று எதிர்த்திசையில் திரும்பிவிடும்.

படகைத் தொட்டிலில் இறக்கும் நாள்

தொட்டிலை அணியப் பக்கம் இரண்டு மூன்று விரல் உயரமாக அமைத்துக்கொள்ளுங்கள். தளத்தில் விழும் மழை பின்னோக்கி ஓடி வடிகாலில் போகும். ஆப்புகளை எல்லாம் தளர்த்தி, மெத்தைகளைக் கீழே இறக்கி வையுங்கள். கிரேன் படகைக் கீல் பலகைமேல் வைக்கும்வரை மெத்தை எதுவும் தொடக்கூடாது. கீல் உட்கார்ந்ததும் கிரேன் பட்டைகளைத் தளர்த்தாமலே, இருபக்கமும் இருவர் ஒரே நேரத்தில் ஆப்பைத் தட்டி மெத்தைகளை ஏற்றுங்கள். தோலைத் தொட்ட பிறகு இரண்டு தட்டு. அதோடு நிறுத்துங்கள்.

இப்போது கிரேனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தச் சொல்லி, அறைக்குள் இறங்கிக் கதவுகளைத் திறந்து மூடிப் பாருங்கள். நேற்றுவரை எளிதாக மூடிய கதவு இன்று உரசினால், எங்கோ ஒரு மெத்தை படகை நசுக்குகிறது. எந்தக் கருவியும் இவ்வளவு சரியாகச் சொல்லாது. கிரேன்காரர் மணியைப் பார்ப்பார், பார்க்கட்டும்.

அணியம் நீண்டு தொங்கும் படகானால் முன்னால் வி வடிவத்தில் ஒரு சிறு தாங்கி, தொட்டும் தொடாமலும்.

தரையோடு கட்டுவது

முந்தைய கணக்குக்கு வருவோம். 200 கிலோமீட்டர் காற்றின் முறுக்கு 2,470. ஒன்றரை மடங்கு பாதுகாப்பு வைத்தால் 3,700. அதில் எடை எதிர்ப்பது 1,925. மிச்சம் சுமார் 1,780ஐ, காற்று வரும் பக்கத்து விளிம்பிலிருந்து கீழே இழுத்துப் பிடிக்க வேண்டும். எதிர் விளிம்பிலிருந்து அதன் தூரம் 2.2 மீட்டர், வகுத்தால் 810 கிலோ. 60 சென்டிமீட்டர் கனசதுரக் கான்கிரீட் கட்டி ஒன்று சுமார் 520 கிலோ. ஆகவே பக்கத்துக்கு இரண்டு, மொத்தம் நான்கு கட்டிகளைத் தரைமட்டத்துக்குப் புதைத்து, 16 மில்லிமீட்டர் முலாமிட்ட கம்பி வளையத்தை வார்க்கும்போதே உள்ளே விட்டுவிடுங்கள். காற்று எந்தப் பக்கம் வந்தாலும் இரண்டு கட்டிகள் பிடிக்கும்.

கவிழாமல் இருந்தால் போதாது, வழுக்கவும் கூடாது. ஒன்றரை டன் விசை பக்கவாட்டில் தள்ளும்போது மரம் கான்கிரீட்டில் சறுக்கும். கான்கிரீட் பட்டைகளில் இரும்புக் கோணங்களை ஆங்கர் போல்ட்டால் பதித்து நெடுஞ்சட்டங்களோடு பூட்டிவிட்டேன்.

கட்டும் பட்டை பாலியெஸ்டராக இருக்கட்டும். நைலான் இழுபட இழுபட நீளும், படகு ஆடத் தொடங்கும். பட்டை படகிலிருந்து நேரே தரை வளையத்துக்குப் போக வேண்டும். தொட்டிலில் மட்டும் கட்டினால் படகும் தொட்டிலும் ஜோடியாகக் கவிழும். தளத்தின் விளிம்பில் உரசும் இடத்தில் பழைய தோட்டக் குழாயை நீளவாக்கில் பிளந்து மாட்டுங்கள். வெயில் பட்டைகளைத் தின்றுவிடும், ஆகவே மற்ற மாதங்களில் கழற்றி உள்ளே வையுங்கள்.

தார்பாய் போர்த்துவீர்கள், போர்த்தலாம். ஆனால் அதன் கயிறைத் தொட்டில் கால்களிலோ ஆப்புகளிலோ கட்டவே கட்டாதீர்கள். காற்று தார்பாயை உதறும் ஒவ்வொரு உதறலும் மெத்தையை இழுத்துத் தளர்த்தும். புயல் எச்சரிக்கை வந்தால் தார்பாயே வேண்டாம்.

அதற்கப்புறம்

பெருமழைக்குப் பின் ஒவ்வொரு தடவையும் ஆப்புகளைத் தட்டிப் பாருங்கள். வடிகால் அடைத்துக்கொண்டால் இரண்டு சதுர மீட்டர் தளத்தில் 10 சென்டிமீட்டர் தண்ணீரே 200 கிலோ. என் படகில் ஒரு தடவை அதைச் செய்தது பிலாவோ ஊசிதான். முதல் வருடம் மரம் காய்ந்து சுருங்கும்போது போல்ட்டுகள் தளரும், மாதம் ஒரு முறை இறுக்குங்கள். மெத்தைக்கு அடியில் பெயிண்ட் அடிக்க வேண்டுமென்றால் ஒரு நேரத்தில் ஒரு மெத்தை. அதைத் திரும்ப இறுக்கிய பிறகே அடுத்தது. காற்றடிக்கும் நாளில் அதுவும் வேண்டாம்.

முதலாம் வகுப்பு எச்சரிக்கை வந்தவுடன் நான் செய்வது: பாய், சுக்கான்தடி, அறைக்குள் இருக்கும் படுக்கை மெத்தை எல்லாம் வீட்டுக்குள், நான்கு பட்டைகளையும் மாட்டி, ஒன்றுவிட்டு ஒன்றாக எதிரெதிரே இறுக்குவது, வடிகாலில் கைவிட்டுப் பார்ப்பது, ஆப்புகளின் குறுக்கே ஒரு ஆணி அடித்து நகராமல் பூட்டுவது. ஒரு மணிநேர வேலை. மூன்றாம் வகுப்பு அறிவிக்கும் நேரத்தில் படகுப் பக்கம் போகக்கூடாது என்று வீட்டில் ஒப்பந்தம்.